உப்பு உருகணும், வெள்ளி உருகக் கூடாது

சங்கரன்கோவிலில் நான் இருந்த மூன்று வருஷத்தில் டிகிரி அண்ணாச்சிக்குக் கைகொடுத்த ஒரு மனிதரையும் நான் பார்த்ததில்லை. பகையெல்லாம் ஒன்றும் இல்லை. அவர் எதிரே வந்தால் ஆண்கள் கையைத் துண்டுக்குள் நுழைத்துக்கொள்வார்கள், பெண்கள் முந்தானைக்குள். கோயில் யானைகூட அவரைக் கண்டால் தும்பிக்கையைச் சுருட்டிக்கொள்ளும் என்று எங்கள் ஆபீஸ் பியூன் சொல்வார். அதை மட்டும் நான் நம்பவில்லை.

எண்பதுகளின் கடைசி அது. ஒரு அரசு அலுவலகத்தில் தட்டச்சராக இருந்த எனக்குக் கும்பகோணத்திலிருந்து அந்த ஊருக்கு மாற்றல். இருபத்தேழு வயது, கல்யாணமாகவில்லை. பியூன்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்.

“நல்ல வீடு மேடம். தண்ணிக் கஷ்டம் கிடையாது. அக்காவும் தம்பியும் மட்டுந்தான் இருக்காவ. தம்பி வெல்டிங் பட்டறை வச்சிருக்காரு. ஆனா ஒண்ணு சொல்லுதேன், மனசுல வச்சிக்கிடுங்க. அவருகிட்ட கையை மட்டும் நீட்டிராதீங்க.”

“ஏன், முறுக்கிவிடுவாரா?”

“சூடு சொல்லிருவாரு.”

எதைத் தொட்டாலும் அதன் வெப்பநிலை அவருக்குத் தெரிந்துவிடும். டீ கிளாஸைத் தொட்டு “அறுபத்தி மூணு” என்பார். அழுகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டு “நூத்தி ரெண்டு, ஆஸ்பத்திரிக்குத் தூக்கு” என்பார். கம்பவுண்டர் தெர்மாமீட்டரை உதறி வைத்துப் பார்த்தால் அதே நூற்றி இரண்டு. குழந்தைக்கு மட்டும் ஏன் பாரன்ஹீட் என்று நான் பின்னால் கேட்டேன். “காய்ச்சலை செல்சியஸ்ல சொன்னா ஒரு தாயும் பதற மாட்டாம்மா” என்றார்.

அதுவரை எல்லோருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்திருக்கிறது. நான் வருவதற்கு முந்தின கார்த்திகையில், மழை பெய்து குளிர்ந்திருந்த ஒரு காலையில், ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ஒருவர் டீக்கடை பெஞ்சில் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாராம். அண்ணாச்சி நடுப்பக்கத்தைக் கேட்டிருக்கிறார். பதில் இல்லை. மெதுவாக உருவியபோது விரலில் விரல் பட்டுவிட்டது.

“இருபத்தாறு” என்றாராம். கொஞ்சம் யோசித்துவிட்டு டீ மாஸ்டரிடம், “இவுகளுக்கு டீ போட்டுராதீங்க. அவுக போயி ரெண்டு மணி நேரமாவுது” என்று சொல்லியிருக்கிறார். நடுப்பக்கத்தை மடித்து அவர் மடியிலேயே வைத்துவிட்டு, வீட்டுக்குச் சொல்லச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாராம்.

அதிலிருந்துதான் ஊர் கையை மறைக்க ஆரம்பித்தது.

அக்காவின் பெயர் பேச்சியம்மாள். பெயர்தான் பேச்சி; பேசி நான் கேட்டது குறைவு. குடிபோன அன்று சாவியைக் கையில் தராமல் தரையில் வைத்தார். வெறும் காது, வெறும் கழுத்து. “ஒங்களுக்குக் கல்யாணம் நிச்சயமானா எங்கிட்ட முன்னாலயே சொல்லிருங்க. வேற வீடு பாத்துக்கிடலாம்” என்றார். ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டார்.

எனக்குக் கிடைத்த முன்னறைக்கும் பட்டறைக்கும் நடுவில் ஒரே சுவர். காலையில் சைக்கிள் போர்க், வண்டி அச்சு, கலப்பைக் கொழு என்று வழக்கமான வேலை நடக்கும். பதினோரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார். அதன் பிறகு ‘உஸ்ஸ்’ என்று ஒரே சத்தம், ஏற்றமோ இறக்கமோ இல்லாமல். வெல்டிங் வாயுவுக்குக் கரைக்கிற கார்பைடின் பூண்டு வாடை. விடுமுறை நாட்களில் மதியம் அந்தச் சுவரில் கை வைத்தால் ஒரு ஆளின் முதுகைத் தொடுவதுபோல வெதுவெதுப்பாக இருக்கும். சுவரின் மறுகோடியில், வீட்டு நடையில், அக்கா முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். சத்தம் நின்றால் எழுந்து போவார்.

ஒரு சனிக்கிழமை மதியம் என் ஜன்னல் கொக்கி கழன்றுவிட்டது. ஒட்டித் தரச் சொல்லலாம் என்று பட்டறைக் கதவைத் தள்ளினேன். வெளியே கண்ணைக் குத்துகிற வெயில், உள்ளே கும்மிருட்டு. ஜன்னல்களில் தார்க் காகிதம் ஒட்டியிருந்தது. இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“உள்ள வாங்க. வெளிச்சத்தைக் கூட்டிட்டு வராதீங்க.”

கதவைச் சாத்தினேன். அவர் முக்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. கண் இருட்டில் அரை மணி நேரம் ஊறினால்தான் பழுத்த உலோகத்தின் நிறம் சரியாகத் தெரியுமாம். வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லுமாம். பிறகு நெருப்பைப் பற்றவைத்தார். நீல நெருப்புக்குள் வெள்ளையாக ஓர் இறகு நின்றது. அந்த இறகின் நுனியில் சின்ன உலோகத் துண்டு ஒன்று மெல்ல மெல்லச் சிவந்தது. அந்தச் சிவப்பில் அவர் முகம் மட்டும், கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லாததுபோல, அந்தரத்தில் மிதந்தது.

“என்ன அண்ணாச்சி செய்யறீங்க?”

“வைரம் வளக்கேன்.”

முருங்கை வளர்க்கிறேன் என்பதுபோலச் சொன்னார்.

ஜப்பானில் யாரோ ஒருவர் சாதாரண வெல்டிங் நெருப்பிலேயே உலோகத்தின் மேல் வைரத்தைத் தோல்போலப் படியவைத்தாராம். நூலகத்து ஆங்கிலப் பத்திரிகையில் வந்த ஒரு பத்தி அது. எரிவாயுவில் இருக்கிற கரிதான் வைரமாகிறது, ஆனால் சூடு சரியாக இருக்க வேண்டும். குறைந்தால் படிவது வெறும் மை. கூடினால் பென்சில் கரி. நடுவில் ஒரு சின்ன இடைவெளியில் மட்டும் அது வைரம்.

“அந்தச் சூட்டை எப்படி அளப்பீங்க? இதைத் தொட்டுப் பார்க்க முடியாதே.”

“அதுக்குத்தான் காவலுக்கு ரெண்டு பேர் இருக்காங்க.” சிவந்த உலோகத்தின் ஓரத்தைக் காட்டினார். ஒரு பக்கம் பொடி உப்பு. மறுபக்கம் மிளகளவு வெள்ளி. “சமையல் உப்பு எண்ணூத்தி ஒண்ணுல உருகும். வெள்ளி தொள்ளாயிரத்து அறுபத்தி ஒண்ணுல. உப்பு உருகணும், வெள்ளி உருகக் கூடாது. அம்புட்டுத்தாம்மா.”

எனக்கு அது ஏதோ மந்திரம்போலக் கேட்டது. தெருவுக்கும் அப்படித்தான் கேட்டிருக்கும். பட்டப்பகலில் இருட்டறை, நெருப்பில் உப்பு, வெள்ளி, வீட்டில் வெறும் காதோடு ஒரு அக்கா, தொட்டால் சாவைச் சொல்கிற கை. இதற்கு மேல் செய்வினைக்கு வேறென்ன வேண்டும் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது. இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து, மருமகளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வாசலில் நின்று குசுகுசுத்தார். அண்ணாச்சி சேவலின் இறக்கைக்கு அடியில் கை வைத்தார்.

“நாப்பத்தி ஒண்ணு. நல்லாத்தான் இருக்கு. கொண்டுட்டுப் போங்க.”

மருமகள் நன்றாக இருப்பாள் என்று சாமி சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் அழுதுகொண்டே போனார்.

ஒருநாள் நான் வெள்ளந்தியாக, “நீங்க என்ன டிகிரி அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன்.

“பி.எஸ்ஸி. பிசிக்ஸ். ஒரு பேப்பர் பாக்கி.”

“எந்த பேப்பர்?”

“ஹீட்டு” என்றார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அந்த ஐப்பசியில்தான் என் அறையில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை, மழை இருட்டு. பட்டறை ஓய்ந்திருந்தது. ‘டிக்’ என்று ஒரு சத்தம். பல்லி என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அது மேலே பரணிலிருந்து வந்தது. மறுபடி ‘டிக்’. நகத்தால் யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோல. ஸ்டூல் போட்டு ஏறினேன். பழைய பால்பவுடர் டப்பா ஒன்று இருந்தது. கையில் எடுத்தபோது உள்ளே தட்டியது என் விரலுக்கே தெரிந்தது. மூடியைத் திறந்தேன். கறுப்புப் படலம் பூத்த உலோகத் துண்டுகள், பத்துப் பதினைந்து. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் தோல் தானாக உரிந்து, துள்ளி, என் புறங்கையில் விழுந்தது.

டப்பாவைப் போட்டுவிட்டு நான் போட்ட கூச்சலில் அண்ணாச்சி ஓடிவந்தார். தரையில் உட்கார்ந்து, சிதறிய துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

“பயப்படாதீங்கம்மா. தோத்துப்போனதுங்க. வைக்க எடமில்லாம இங்கன வச்சேன். படிஞ்ச தோலும் இரும்பும் ஒரே சூட்டுல ஒண்ணா இருந்ததுங்கதான். ஆறும்போது இரும்பு சுருங்குது, தோலு சுருங்க மாட்டேங்குது. கொஞ்ச நாள் இழுத்துப் புடிச்சுப் பாக்கும். அப்புறம் விட்டுரும்.”

வாசற்படியில் நின்றிருந்த அக்கா, அதைக் கேட்டுவிட்டு, முதல் தடவையாக என் அறைக்குள் வந்து உட்கார்ந்தார். அண்ணாச்சி டப்பாவோடு போன பிறகும் போகவில்லை.

“எனக்காகத்தான் இந்தக் கூத்தெல்லாம் அடிக்கான்” என்றார்.

இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரை மேலநீலிதநல்லூர்ப் பக்கம் தோட்டம் துரவு உள்ள ஒரு சம்சாரி வீட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். அப்பா ஆசைப்பட்டு வைரத் தோடு போட்டு அனுப்பினார். நாற்பதாவது நாள் புருஷன் தோட்டத்துக் கிணற்றில் விழுந்து போய்விட்டார். காரியம் முடிந்ததும் மாமியார் வீட்டில் தோட்டைக் கழற்றி, கல் பார்க்கிறவர் ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். இடது காதுக் கல்லில் ஒரு கரும்புள்ளி. கட்டினவனைக் கொண்டுபோகிற தோஷம் என்று அவர் சொல்லிவிட்டார். தோட்டையும் அக்காவையும் ஒரே வண்டியில் திருப்பி அனுப்பினார்கள். அந்த வாரம்தான் தம்பிக்குப் பரீட்சை.

“அந்தப் பெட்டியை நான் திறந்ததில்ல. தெருவுல கல்யாணம்னா கதவைச் சாத்திக்கிடுவேன். என் கண்ணு பட வேண்டாம்லா. இவன் சொல்லுதான், அது தோஷம் இல்ல, பூமிக்குள்ள சூடு தப்பிப்போன எடம்னு. செஞ்சே காட்டுதேன்னு நிக்கான்.” பட்டறைப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டார். “அவன் கண்ணு போயிட்டிருக்கும்மா. சாயங்காலமானா சோத்துல கல்லு தெரிய மாட்டேங்குது.”

தை மாதம் அண்ணாச்சி மதுரைப் பழைய சாமான் கடையிலிருந்து ஆஸ்பத்திரி எக்ஸ்ரே குழாய் ஒன்றை வாங்கி வந்தார். உடைத்தால் உள்ளே செம்புக் கட்டை. அதன் முகத்தில் சட்டைப் பொத்தான் அகலத்துக்கு, இரும்பளவு சுருங்காத டங்ஸ்டன் வட்டம். அதே கடையில் கிடைத்த பழைய மைக்ராஸ்கோப்பும் கையில் இருந்தது. “எத்தனை பேரு எலும்பைப் பாத்திருக்கும் இது” என்று அந்த டங்ஸ்டன் பொத்தானைத் தடவிக்கொடுத்தார். செம்பைத் துளைத்து, சூடு மிஞ்சாமலிருக்கத் தண்ணீர் ஓடக் குழாய் மாட்டினார். அப்படியும் மைதான் படிந்தது, நாலு தடவை. பிறகு ஒருநாள் நூலகத்திலிருந்து வந்தவர், முற்றத்தில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்காவுக்குக் கேட்கக் கூடாதென்று நினைத்து என்னிடம் மெதுவாகச் சொன்னார். மெதுவாகப் பேசுவது அவருக்கு வராது.

“வெறும் உலோகத்துல வைரம் உக்காராதாம்மா. முதல்ல வைரத்தை வச்சுக் கீறிவிடணுமாம். அந்தக் கீறல்தான் வெதை.”

“திருச்சியில கல் பட்டை தீட்டறவங்ககிட்ட வைரத்தூள் கிடைக்கும். லீவுல போறப்போ கேக்கறேன்” என்றேன்.

அக்கா கத்தரிக்காயை நறுக்கிக்கொண்டேயிருந்தார்.

அடுத்த ஞாயிறு பதினோரு மணி. நானும் பட்டறைக்குள் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்தது. வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு அக்கா நின்றார், நிழலாக. அந்தப் பட்டறைக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

“வெளிச்சத்தை…” என்று ஆரம்பித்த அண்ணாச்சி நிறுத்திக்கொண்டார். அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து, ஒரு சின்ன டப்பியை அவர் முன்னால் நீட்டினார்.

“இடது காது” என்றார். “இத வச்சுக் கீறு.”

“வேண்டாம்க்கா. தூளு வருது.”

“ஏலே, கீறுன்னா கீறு.”

அவர் கை டப்பிக்குப் போகவில்லை. எத்தனையோ வெயிலையும் காய்ச்சலையும் தொட்ட கை அது. அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார். தோட்டை அவரே எடுத்து, தரையில் உட்கார்ந்து, செம்புக் கட்டையை மடியில் வைத்துக் கீற ஆரம்பித்தார். சிலேட்டில் ஆணி இழுக்கிற சத்தம். பல் கூசியது. குறுக்கும் நெடுக்குமாக, அழுத்தி அழுத்தி, யாரையோ பழிவாங்குவதுபோலக் கீறிக்கொண்டேயிருந்தார்.

பிறகு நெருப்பு. இறகு நின்றது. பொத்தான் கருஞ்சிவப்பாகி, பழச்சிவப்பாகி, ஆரஞ்சுக்கு நகர்ந்தது. உப்பு முதலில் படபடவென்று பொரிந்தது. பிறகு ஓசையில்லாமல் கண்ணீர்போலப் பளபளத்து உருகி ஓடியது. வெள்ளி நின்றது. அண்ணாச்சி அசையவில்லை. மூச்சு விட்டாரா என்றே தெரியவில்லை. ஒரு மணி நேரம், அதற்கும் மேலே. அக்காவின் கண்ணில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் அசையாமல் நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அறையில் உயிரோடிருப்பது நெருப்பு ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

திடீரென்று வெள்ளியின் ஓரம் வழிய ஆரம்பித்தது. தண்ணீர்க் குழாயில் ஏதோ அடைப்பு. அண்ணாச்சி நெருப்பைச் சட்டென்று இழுத்துவிட்டார். இருட்டு வந்து மூடியது.

ஆறியதும் அவரே தார்க் காகிதத்தைக் கிழித்து வெளிச்சத்தை உள்ளே விட்டார். பொத்தானின் நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. வெளி ஓரத்தில் மை. இரண்டுக்கும் நடுவில், கோலப்பொடியை வட்டமாக இழுத்ததுபோல ஒரு வளையம், மினுக் மினுக்கென்று. நான்தான் முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். வளையத்தின் வெளிப்பக்கத்தில் முக்கோண முக்கோணமாக, உள்பக்கம் போகப்போகச் சதுரம் சதுரமாக, பட்டை தீட்டினதுபோலப் பொடிக் கற்கள் நெருக்கியடித்து நின்றன. சூடு ஏற ஏற முகம் மாறுமாம். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அது வெறும் காற்று.

“இப்பம் நீ பாருக்கா.” அவர் நகர்ந்து இடம் விட்டார். “ஓரத்துல சூடு பத்தல, மையாப்போச்சு. நடுவுல கூடிப்போச்சு, கரியாப்போச்சு. எல்லாம் ஒரே கரிதான், ஒரே நெருப்புதான். அந்தப் புள்ளி யாரையும் ஒண்ணும் செய்யலக்கா. ஒன் தோட்டுல இருக்கதும் இதான்.”

அக்கா குனிந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, மிக அமைதியாகக் கேட்டார்.

“அப்பம் அவுக ஏம்லே போனாவ?”

அண்ணாச்சிக்கு எதற்கும் ஒரு எண் இருக்கும். அன்றைக்கு இல்லை. கடைசியில், “வழுக்கிருச்சுக்கா” என்றார்.

அக்கா அழுதார். இருபத்திரண்டு வருஷத்து அழுகை இவ்வளவு சின்னச் சத்தமாகவா இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த வளையம் பொத்தானில் இல்லை. உரிந்து எங்கோ தெறித்துப் போயிருந்தது. வாசல் பெருக்கும்போது அதுவும் குப்பையோடு போயிருக்கும் என்று அக்கா சொன்னார். அண்ணாச்சி துடைப்பத்தையும் குப்பைக்குழியையும் அரைநாள் துழாவினார். கிடைக்கவில்லை. “இனி யாருக்கு எதைக் காட்டுவீங்க அண்ணாச்சி?” என்று நான்தான் புலம்பினேன். “யாருக்குக் காட்டணும்? பாக்க வேண்டியவ பாத்துட்டா” என்று கையைக் கழுவிவிட்டு, ஒருவருடைய சைக்கிள் போர்க்கை ஒட்ட உட்கார்ந்துவிட்டார்.

அதற்கடுத்த ஞாயிறு அக்கா இரண்டு காதிலும் தோட்டோடு வந்து நின்றார். “மேலநீலிதநல்லூர் வரைக்கும் போயிட்டு வரணும். நீங்களும் வாரீளா?” என்றார். தெருவில் நாங்கள் மூன்று பேரும் நடந்தபோது பேச்சு ஒவ்வொரு வாசலாக நின்றது. அண்ணாச்சி வெல்டிங் கண்ணாடியை நெற்றியில் மாட்டியபடியே வந்திருந்தார். கழற்ற மறந்துவிட்டார் என்று பஸ்ஸில்தான் தெரிந்தது.

அந்தத் தோட்டத்தில் இப்போது யாரும் இல்லை. கரிசல் காய்ந்து பாளம்பாளமாகக் கிடந்தது. உச்சி வெயிலில் ஒரு சத்தமில்லை. கிணற்றை எட்டிப் பார்த்தால் குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். உள்ளே எங்கோ பொந்துக்குள் புறா ஒன்று முனகிக்கொண்டிருந்தது, நோய்க்காரர்போல. படிகள் நிழலில் இருந்தன. மூன்றாவது படியில் கல் கசிந்து, அந்த வறட்சியிலும் பச்சையாகப் பாசி படிந்திருந்தது.

அக்கா அந்தப் படியைப் பார்த்தபடி நின்றார். இன்னும் கொஞ்சம் ஓரத்துக்குப் போனார். அண்ணாச்சி ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய், தீய்ந்துபோன விரல்களால் அக்காவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“ஏலே, விடுலே. நான் என்ன சின்னப்புள்ளையா?”

அவர் விடவில்லை. வரப்பில் நடந்தபோதும் விடவில்லை, ரோட்டோரப் புளியமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றபோதும் விடவில்லை. பஸ் வந்தது. அக்காவுக்கும் எனக்கும் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. முந்தானை நுனியோடு அவர் பக்கத்தில் வந்து நின்றார், கம்பியைப் பிடிக்க ஒரு கைதான் மிச்சம். நான் எழுந்து என் இடத்தை அவருக்குக் கொடுத்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். சங்கரன்கோவில் வரை நின்றுகொண்டேதான் வந்தேன். கால் வலித்ததாக ஞாபகமில்லை.